செத்த நிரையும் தரிசு நிலமும்: உறவுசார் தரவுத்தளங்களில் இடமீட்பின் வரலாறு – கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை நிலப்பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உறவுசார் தரவுத்தளத்தின் அட்டவணையிலிருந்து ஒரு நிரை நீக்கப்பட்டாலும் அது இருந்த இடம் உடனே விடுபடுவதில்லை. அவ்விடத்தை மீட்பதற்கு 1980-கள் தொட்டு உருவான வழிமுறைகளின் வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. அவ்வரலாற்றைத் தமிழகத்தின் கல்வெட்டு மறுபதிவு, வருவாய்த்துறைப் பதிவேடுகள், கோப்பு அழிப்பு விதிகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, 'பயனற்ற இடம்' என்பது ஒரு தொழில்நுட்ப அளவீடு மட்டுமன்று, யாருடைய தேவை கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்த ஒரு தீர்ப்புமாகும் என்று வாதிடுகிறது. 1976 வரை ஜாகீர் ஆட்சியில் இருந்த கல்வராயன் மலையும், இரண்டு முறை மாவட்டப் பிரிவினைக்கு உட்பட்ட கள்ளக்குறிச்சியும் இவ்வாதத்திற்குரிய களங்களாகின்றன.

திறவுச்சொற்கள்: உறவுசார் தரவுத்தளம், இடமீட்பு, செத்த நிரை, போஸ்ட்கிரெஸ், 'அ' பதிவேடு, யு.டி.ஆர்., தரிசு, கல்வராயன் மலை, வன உரிமைச் சட்டம்.

1. முன்னுரை

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டினால், அடிக்கப்பட்ட பெயர்களும் அவற்றின்மேல் எழுதப்பட்ட புதிய பெயர்களும் உட்பிரிவு எண்களும் ஒரே வரியில் நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். அடித்த பெயர் செல்லாது. ஆனால் அது படிக்கக்கூடியதாகவே இருக்கிறது. நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அந்த அடித்தலே சொல்கிறது. அதே பதிவைக் கணினித் திரையில் காணும்போது ஒரு பெயர் மட்டுமே தெரிகிறது. பழைய பெயர் எங்கே போயிற்று என்ற வினா எளிதாகத் தோன்றினும், அதற்கு விடைகாணத் தரவுத்தள வரலாற்றுக்குள் புகவேண்டியுள்ளது.

இவ்வினாவை இக்கட்டுரை இரண்டு நிலைகளில் அணுகுகிறது. முதலாவது, நீக்கப்பட்ட தரவு அட்டவணைக்குள் எவ்வாறு தங்குகிறது, அது பிடித்திருந்த இடம் எவ்வாறு மீட்கப்படுகிறது என்னும் தொழில்நுட்ப வரலாறு. இரண்டாவது, எது பயனற்றது என்று முடிவு செய்யும் விதி, பதிவேட்டை நம்பி வாழும் மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்னும் சமூக வரலாறு. திறந்த மூலமாக வளர்ந்து, தன் பதிப்புக் குறிப்புகள் அனைத்தையும் பொதுவில் வைத்துள்ளமையால், போஸ்ட்கிரெஸ் மென்பொருளே இங்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

2. மறைக்கப்பட்ட பக்கங்கள்: உறவுசார் கோட்பாடும் அதன் விலையும்

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் எஃப். காட் உறவுசார் மாதிரியை முன்வைத்தார். தரவைப் பயன்படுத்துவோர், அது கணினிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறிய வேண்டியதில்லை என்பதே அவரது கோட்பாட்டின் உயிர்நாடி. பயனாளர் நிரைகளையும் நிரல்களையும் கொண்ட அட்டவணையைக் காண்பார். வட்டில் உள்ள கோப்பு, பக்கம், சுட்டி ஆகியவை மென்பொருளின் பொறுப்பு. 1970-களில் ஐ.பி.எம்.-இன் சிஸ்டம் ஆர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான இன்கிரெஸ் ஆகிய இரண்டும் இக்கோட்பாட்டைச் செயல்படுத்திக் காட்டின.

இந்தப் பிரிப்பு தரவுத்தளத் துறையின் பெருவெற்றி. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பதிவேட்டுத் தாளில் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். அட்டவணையில் அது தெரியாது. பத்து இலட்சம் நிரைகள் கொண்ட ஓர் அட்டவணையிலிருந்து ஒன்பது இலட்சம் நிரைகளை நீக்கிய பின்னும், வட்டில் அக்கோப்பு முன்பிருந்த அளவிலேயே இருக்கக்கூடும். பயனாளர் எண்ணிப் பார்த்தால் ஒரு இலட்சமே வரும். எனினும் அட்டவணை முழுவதையும் படிக்கும் ஒவ்வொரு தேடலும் பத்து இலட்சம் நிரைகளுக்குரிய பக்கங்களைக் கடந்தே செல்லும். ஆரக்கிள் மென்பொருளில் 'உயர்நீர்க்குறி' என்று பொருள்படும் சொல் இந்நிலைமையைக் குறிக்கிறது. வெள்ளம் வடிந்த பின்னும் சுவரில் நிற்கும் நீர்த்தடம்போல, அட்டவணை ஒருகாலத்தில் எட்டிய உச்ச அளவு, நிரைகள் நீங்கிய பின்னும் நிலைத்து நிற்கிறது.

3. அழிக்காமல் எழுதுதல்: பெர்க்லி வடிவமைப்பு

நீக்கிய நிரை ஏன் உடனே அழிவதில்லை? ஒரே நேரத்தில் பலர் தரவைப் படிக்கவும் திருத்தவும் வேண்டியிருப்பதே காரணம். ஒருவர் கணக்கெடுத்துக் கொண்டிருக்கும்போது மற்றொருவர் ஒரு நிரையைத் திருத்தினால், முன்னவர் எதைக் காணவேண்டும்? அவர் தொடங்கியபோது இருந்த நிலையைக் காண்பதே முறை. அதற்கு ஒரே நிரையின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒருசேர இருக்கவேண்டும். இப்பல்பதிப்புக் கருத்தை 1978-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் டேவிட் ரீட் விரிவாக வளர்த்தெடுத்தார்.

1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பெர்க்லியில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. 1987-இல் வெளியான அதன் சேமிப்பு வடிவமைப்பு பற்றிய கட்டுரை, ஏற்கெனவே எழுதிய எதன்மீதும் திரும்ப எழுதுவதில்லை என்ற நெறியை முன்வைத்தது. திருத்தம் என்பது பழைய நிரையை முடிந்ததாகக் குறித்துவிட்டுப் புதிய நிரையைச் சேர்ப்பது. நீக்கம் என்பது வெறும் குறியிடல். பதிவேட்டில் பெயரை அடித்து மேலே எழுதும் வழக்கத்தின் கணினி வடிவம் இது எனலாம்.

இங்கு ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தூய்மை செய்யும் செயலுக்கு அவ்வடிவமைப்பாளர்கள் 'வேக்கூம்' என்று பெயரிட்டனர். ஆயினும் அவர்கள் கருதிய தூய்மையாக்கம் குப்பையில் எறிவதன்று. முடிந்துபோன பழைய பதிப்புகளை முதன்மைச் சேமிப்பிலிருந்து அகற்றி ஆவணக் கிடங்கு ஒன்றிற்கு மாற்றுவதே அதன் பணி. ஒருமுறை எழுதினால் மாற்றவியலாத ஒளிவட்டுகள் அக்கிடங்காக அமையலாம் என்று எண்ணப்பட்டது. பயனாளர் விரும்பினால் கடந்த நாள் ஒன்றைக் குறிப்பிட்டு, அன்றைய நிலையில் அட்டவணை எவ்வாறு இருந்தது என்று வினவமுடியும். இவ்வசதி 'காலப்பயணம்' என வழங்கப்பட்டது.

1996-இல் இத்திட்டம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரில் பொதுச் சமூகத்தின் பொறுப்புக்கு வந்தது. 1997-இல் வந்த 6.2 பதிப்பில் காலப்பயணம் கைவிடப்பட்டது. விரைவு குன்றியதும் சேமிப்பளவு பெருகியதும் அதற்குக் காரணங்கள். அழிக்காமல் எழுதும் முறை மட்டும் தொடர்ந்தது. ஆவணக் கிடங்கு மறைந்தது. அதாவது, பழைய பதிப்புகள் தோன்றுவதற்கான இயங்குமுறை நீடித்தது, அவற்றைப் பாதுகாப்பதற்கான நோக்கம் நீங்கியது. வரலாறாகக் கருதப்பட்டது கழிவாகக் கருதப்படலாயிற்று. இடமீட்பு வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

4. இடமீட்பு முறைகளின் வளர்ச்சி

1999-இல் வந்த 6.5 பதிப்பு பல்பதிப்பு முறையை உடனியங்கல் கட்டுப்பாட்டுக்கான அடிப்படையாக ஆக்கியது. அதன்பின் செத்த நிரைகளின் பெருக்கம் நடைமுறைச் சிக்கலாயிற்று. தொடக்கத்தில், வேக்கூம் நடைபெறும்போது அட்டவணையைப் பிறர் பயன்படுத்த இயலாது. 2002-இன் 7.2 பதிப்பில், பிறர் படிக்கவும் எழுதவும் தடையின்றியே தூய்மை செய்யும் எளிய வேக்கூம் வந்தது. மனிதர் நினைவூட்டாமல் தானே இயங்கும் தன்னியக்க வேக்கூம் 2005-இன் 8.1 பதிப்பில் மென்பொருளின் உள்ளுறுப்பாகி, 2008-இன் 8.3 பதிப்பில் இயல்பாகவே இயங்கும் அமைப்பாயிற்று.

எளிய வேக்கூம், முழு வேக்கூம் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதன்மையானது. எளிய வேக்கூம் செத்த நிரைகளின் இடத்தை அதே அட்டவணையின் வருங்கால நிரைகளுக்கென விடுவிக்கிறது. கோப்பின் இறுதியில் முற்றிலும் வெறுமையான பக்கங்கள் இருந்தாலன்றிக் கோப்பின் அளவு குறைவதில்லை. முழு வேக்கூம், உயிருள்ள நிரைகளை மட்டும் புதிய கோப்பில் படியெடுத்துப் பழைய கோப்பை நீக்குகிறது. 2010-இன் 9.0 பதிப்பிலிருந்து இப்படியெடுப்பு முறை நடைமுறையில் உள்ளது. இதில் இடம் இயங்குதளத்திற்கே திரும்புகிறது. ஆனால் பணி முடியும்வரை அட்டவணை பூட்டப்படுகிறது. படி எடுக்கத் தனியே வட்டிடமும் வேண்டும். இடம் இல்லாமல் தவிக்கும் வேளையில் இடத்தை மீட்பதற்கே இடம் தேவைப்படுவது இம்முறையின் முரண்.

பிற மென்பொருள்களும் இச்சிக்கலைத் தத்தம் வழியில் எதிர்கொண்டன. ஆரக்கிள் பழைய பதிப்புகளை அட்டவணைக்கு வெளியே மீள்நிலைப் பகுதிகளில் வைக்கிறது. 10ஜி பதிப்பில் அட்டவணையைச் சுருக்கும் கட்டளையைத் தந்தது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அமைப்பும் பழைய பதிப்புகளைத் தனியே வைத்துத் துப்புரவு செய்கிறது. ஒவ்வோர் அட்டவணைக்கும் தனிக்கோப்பு என்பது அதில் 5.6 பதிப்பிலிருந்து இயல்பாயிற்று. அதன் பின்னரே அட்டவணையை மறுகட்டமைத்து இடத்தை இயங்குதளத்திற்குத் திருப்பித் தருவது எளிதாயிற்று. கைப்பேசிகளில் பரவலாக உள்ள எஸ்கியூலைட்டும் முழுத் தரவுத்தளத்தையும் தற்காலிகக் கோப்பில் படியெடுத்தே இடத்தை மீட்கிறது.

எப்போது தூய்மை செய்வது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பின்படி, செத்த நிரைகளின் எண்ணிக்கை மொத்த நிரைகளில் 20 விழுக்காட்டோடு 50 சேர்ந்த அளவைக் கடக்கும்போது தன்னியக்க வேக்கூம் தூண்டப்படுகிறது. 10,000 நிரைகள் கொண்ட அட்டவணைக்கு அது 2,050. பத்து இலட்சம் நிரைகளுக்கு 2,00,050. பெரிய அட்டவணைகளில் கழிவு நெடுநாள் தேங்குவதற்கு இவ்விகிதமே காரணமாதலின், மேலாளர்கள் அதனைக் குறைத்து வைப்பதுண்டு.

5. மாவட்டப் பிரிவினை: ஒரு கணக்கீடு

கள்ளக்குறிச்சியின் நிர்வாக வரலாறு இக்கணக்கை விளங்கிக்கொள்ள உதவும். 1801-இல் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட தென்னார்க்காடு 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பட்டது. ஆக, ஒரே ஊரின் ஒரே புல எண் கால் நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மூன்று மாவட்டப் பெயர்களின்கீழ் எழுதப்பட்டது.

விளக்கத்திற்காக ஓர் அட்டவணையைக் கற்பனை செய்வோம். அதில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு நிரை. மாவட்டப் பெயர் ஒவ்வொரு நிரையிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளது. மொத்தம் பத்து இலட்சம் நிரைகள். பிரிவினை நாளில் அத்தனை நிரைகளிலும் மாவட்டப் பெயரை மாற்றினால், பல்பதிப்பு நெறிப்படி பத்து இலட்சம் புதிய நிரைகள் எழுதப்படும். பத்து இலட்சம் பழைய நிரைகள் செத்தவையாகும். கோப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். நிலத்தில் ஒரு சென்ட்டும் கைமாறவில்லை. எனினும் பதிவேட்டில் பாதி, கழிவு.

காட் வகுத்த இயல்பாக்க நெறியைப் பின்பற்றி, ஊர் வட்டத்தைச் சுட்டவும் வட்டம் மாவட்டத்தைச் சுட்டவுமாக அட்டவணைகள் பிரிக்கப்பட்டிருந்தால், மாற்றப்படுவன ஒருசில வட்ட நிரைகள் மட்டுமே. புல எண் அட்டவணை தொடப்படுவதே இல்லை. கழிவை மீட்பதற்கு முன்னர், கழிவு தோன்றாதவாறு வடிவமைப்பதே முதற்கடன் என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது. மாவட்டங்களும் வட்டங்களும் அடிக்கடி பிரிக்கப்படும் தமிழகச் சூழலில் இது ஏட்டளவிலான அறிவுரை அன்று.

6. தமிழ்ப் பதிவு மரபில் இடமீட்பு

பழையதைப் படியெடுத்துவிட்டு அதன் இடத்தைப் புதியதற்கு விடுவது தமிழகத்திற்குப் புதிதன்று. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் முதலில் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. கட்டடப்பணி முடிந்தபின், முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய திருக்கோடிக்காவல் கோயிலிலும் பழைய கல்வெட்டுகளின் படிகள் புதிய சுவர்களில் பொறிக்கப்பட்டன. முழு வேக்கூமின் ஒழுங்கும் இதுவே: படியெடுத்தல், பழையதை அகற்றல், புதியதை நிலைநிறுத்தல். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இது பழங்கல்லின் படி என்று பொறிக்கும் வழக்கமும் கல்வெட்டு மரபில் இருந்தது. படியெடுக்கப்பட்டது என்ற செய்தியே பதிவின் பகுதியாக நின்றது. கணினி அட்டவணையில் அத்தகைய குறிப்பு தானே தோன்றுவதில்லை.

ஆங்கிலேயர் கால மாவட்ட அலுவலக நடைமுறை இச்சிக்கலை விதியாக வகுத்தது. டாட்டன்ஹாம் முறை என வழங்கும் கோப்பு முறையின்படி, முடிவுற்ற ஒவ்வொரு கோப்புக்கும் ஆயுள் குறிக்கப்பட்டது. நிரந்தரமாகக் காக்கப்படுபவை, பத்தாண்டுக்குப் பின் அழிக்கப்படுபவை, மூன்றாண்டுக்குப் பின் அழிக்கப்படுபவை, ஓராண்டுக்குப் பின் அழிக்கப்படுபவை என அவை பகுக்கப்பட்டன. மூன்றாண்டு முடிவைக் குறிக்கும் மூ.மு. போன்ற சுருக்கக் குறிகள் அலுவலகத் தமிழில் இவ்வழக்கைத் தொடர்கின்றன. நிலுவையில் உள்ள கோப்புக்கு இத்தகைய முடிவுக்குறி இட இயலாது. யாரேனும் ஒருவர் விடைக்காகக் காத்திருக்கும்வரை அதை அழிக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

தரவுத்தளத்தின் விதியும் இதனையொத்ததே. நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனைகளில் மிகப் பழையது தொடங்கிய காலத்தை எல்லையாகக் கொண்டு, அதற்கு முன்னரே செத்துப்போன நிரைகளை மட்டுமே வேக்கூம் அகற்றுகிறது. ஒருவர் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டால், அதன்பின் செத்த நிரை எதுவும் மீட்கப்படாது. அட்டவணை வீங்கிக்கொண்டே போகும். வழக்கு நிலுவையில் உள்ள கோப்பு அலமாரியில் கிடப்பது போன்றதே இந்நிலை.

7. யு.டி.ஆர்.: பதிவேட்டின் முழு மறுபதிவு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழக நிலப்பதிவுகளில் நிகழ்ந்த பெரிய மறுபதிவு, 1979 முதல் 1987 வரை நடந்த, யு.டி.ஆர். என வழங்கும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டமாகும். பல்லாண்டுத் திருத்தங்களால் நெரிசலுற்றிருந்த பதிவேடுகள் களத்தில் சரிபார்க்கப்பட்டு, அன்றைய உடைமையாளர் பெயரில் புதிதாக எழுதப்பட்டன. இதே காலத்தில், 1980 நவம்பரில், பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கர்ணம் முறை முடிவுற்றது. தலைமுறைகளாக ஊர்க்கணக்கை எழுதி, அடித்தல்களின் காரணங்களை நினைவில் வைத்திருந்தவர்கள் அப்பணியிலிருந்து விலகிய காலமும், அடித்தல்கள் இல்லாத புதிய பதிவேடு எழுந்த காலமும் ஒன்றாயின.

இம்மறுபதிவின் பயனை மறுப்பதற்கில்லை. பின்னாளில் நிலப்பதிவுகள் கணினிமயமாவதற்கு இதுவே அடித்தளம். ஆயினும் 'யு.டி.ஆர். பிழை' என்னும் தொடர் இன்றும் வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் அலுவலகங்களில் அன்றாடம் வழங்குகிறது. பெயர் விடுபட்டது, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் புறம்போக்காகப் பதிவானது என வரும் மேல்முறையீடுகளில் மனுதாரர் இணைக்கும் முதன்மைச் சான்று எது? யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலே. எஸ்.எல்.ஆர். நகல் என்று மக்கள் வழக்கில் அழைக்கப்படுவது இதுதான். செல்லாததாகிவிட்ட பழைய பதிவேடு எங்கோ ஓர் அலமாரியில் பிழைத்திருந்ததால்தான் புதிய பதிவேட்டின் பிழையைத் திருத்த முடிகிறது. மறுபதிவுக்குப் பின் பழைய கோப்பை அழித்துவிடும் முழு வேக்கூமின் நெறி இங்குப் பின்பற்றப்பட்டிருந்தால், அப்பிழைகள் நிரந்தர உண்மைகளாகியிருக்கும்.

8. கல்வராயன் மலை: இல்லாத நிரைகள்

சமவெளி ஊர்களுக்குப் பழைய பதிவேடாவது உண்டு. கல்வராயன் மலையின் நிலை வேறு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்த இம்மலைப்பகுதியை 1878-இல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காட்டுக் கையேடும், 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் அடுத்தடுத்து ஆவணப்படுத்திய காலத்தில், கீழே சமவெளியில் ரயத்துவாரி முறை வேரூன்றிவிட்டது. 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த நில அளவை, நிலவரித்திட்ட அமைப்பு ஊர் ஊராகப் புல எண்களை உருவாக்கியது. மலை 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. அதனால் சமவெளிக்கு அமைந்தது போன்ற நெடிய ரயத்துவாரிப் பதிவேட்டுத் தொடர் மலைக்கு அமையவில்லை.

பதிவேட்டில் பெயரில்லாத நிலத்தை வருவாய்மொழி எவ்வாறு அழைத்தது? தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்பன அச்சொற்கள். வரி தராத நிலம் வீண்நிலம் என்னும் நோக்கு அவற்றுள் உறைந்துள்ளது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் அந்நிலங்களில் பெரும்பரப்பைக் காப்புக்காடாக்க வழிசெய்தது. ஆனால் மலை வேளாண்மையில் சில பருவம் பயிரிட்டபின் மண் வளம் மீளும்வரை ஓய்வுக்கு விடப்படும் நிலம் வீண்நிலமன்று. அது அடுத்த விதைப்புக்கென வைத்திருக்கும் நிலம்.

தரவுத்தளத் துறை இவ்வுண்மையைத் தன் வழியில் கண்டறிந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் முழுதும் நிரப்பாமல் ஒரு பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விடும் அமைப்பு போஸ்ட்கிரெஸில் உண்டு. 8.3 பதிப்பில் வந்த ஒரு மேம்பாட்டின்படி, குறியீட்டெண் இடப்பட்ட நிரல் எதுவும் மாறாமல் ஒரு நிரை திருத்தப்பட்டு, அதன் புதிய பதிப்பு அதே பக்கத்தில் இடம்பெற்றால், குறியீட்டெண்களைத் தொடாமலேயே திருத்தம் முடிகிறது. இதற்கு வெற்றிடம் தேவை. ஆகவே அடிக்கடி திருத்தப்படும் அட்டவணையை இறுக்கிச் சுருக்குவது பயன் தராது; அடுத்த திருத்தத்திலேயே அது மீண்டும் வீங்கும். வெற்றிடம் அனைத்தும் கழிவன்று என்பதைப் பொறியாளர் தம் அளவீடுகளால் உணர்ந்தனர். மலைவாழ் உழவர் அதைத் தம் நிலத்தில் அறிந்திருந்தனர்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பதிவின் பொருளை மாற்றியது. அச்சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே வனநிலத்தைத் தம் அனுபவத்தில் கொண்டிருந்த பட்டியல் பழங்குடியினர் உரிமை கோரலாம். பிற மரபுவழி வனவாசிகள் அந்நாளுக்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வைக் காட்டவேண்டும். கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் முதல் பிரிவினர். அவர்களுக்கு இப்போது வேண்டியது இன்றைய நிரை அன்று. குறித்த ஒரு நாளுக்கு முந்தைய நிரை. முதியோர் வாக்குமூலம் முதலியவற்றையும் சட்ட விதிகள் சான்றாக ஏற்கின்றன. இருப்பினும், அரசுப் பதிவேட்டில் ஒரு பழைய குறிப்பு கிடைத்தால் அதன் வலிமை தனி. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். இம்மக்களின் கோரிக்கைகள் முடிந்துபோன வரலாறல்ல, நிலுவையில் உள்ளவை.

9. யாருக்காகக் காத்திருப்பது?

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. வேக்கூம், தொடங்கிவிட்ட பரிவர்த்தனைகளை மட்டுமே அறியும். இனி வரப்போகும் வினாவை அது அறியாது. இன்னும் மனு எழுதாத ஒருவர், தம் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது என்றே அறியாத ஒருவர், அதன் எல்லைக் கணக்கில் இடம்பெறுவதில்லை. கணினிக்கு இது குறையன்று. அதற்கு இடப்பட்ட பணி அவ்வளவே. ஆனால் நிலப்பதிவு போன்ற பொது ஆவணங்களைக் காக்கும் நிறுவனம் அக்கணக்கையே தன் கணக்காகக் கொண்டால் அது குறையாகும்.

நிரை உயிரோடிருக்கும்போதே அதன் காலம் அழிவதும் உண்டு. போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனை எண்கள் 32 துகள் அளவின. ஏறத்தாழ 400 கோடியைக் கடந்ததும் எண்ணிக்கை சுழன்று மீண்டும் தொடங்கும். பழைய நிரைகள் எதிர்காலத்தவையாகத் தோன்றாதிருக்க அவற்றை 'உறையவைத்தல்' வேக்கூமின் மற்றொரு கடமை. 2014-இல் வந்த 9.4 பதிப்புக்கு முன்பு, உறையவைக்கும்போது நிரையை உருவாக்கிய பரிவர்த்தனை எண் மேலெழுதப்பட்டது. நிரை இருக்கும், அது எப்போது தோன்றியது என்ற தடயம் இராது. உடைமை தெரிந்தும் உடைமையின் தொடக்கம் தெரியாத பதிவு, வன உரிமைக் கோரிக்கையில் எவ்வளவு பயன்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு, இடமீட்பைக் கைவிடுவதன்று. வீங்கிய அட்டவணை மெதுவாக விடையளிக்கும். பட்டா நகலுக்கு வரிசையில் நிற்பவருக்கு அதுவும் ஓர் அநீதியே. தீர்வு, இடத்தையும் சான்றையும் பிரித்துக் காண்பதில் உள்ளது. 2011-இல் வெளியான எஸ்கியூஎல் தரநிலை, நிரைகளின் பழைய பதிப்புகளைக் காலக்குறிப்போடு பேணும் கால அட்டவணைகளை வரையறுத்தது. எஸ்கியூஎல் சர்வர் 2016, மரியாடிபி 10.3 ஆகியவை இவ்வசதியைத் தந்தன. முதன்மை அட்டவணை மெலிந்திருக்கும். வரலாறு தனியே இருக்கும். 1987-இல் ஸ்டோன்பிரேக்கர் எண்ணியதும், கைவிடப்பட்டதுமான ஆவணக் கிடங்கு வேறொரு வடிவில் திரும்பியுள்ளது எனலாம்.

10. நிறைவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

முதலாவதாக, உறவுசார் தரவுத்தளங்களில் 'பயனற்ற இடம்' என்னும் கருத்து தொடக்கத்திலிருந்தே ஒரே பொருளில் வழங்கவில்லை. 1987-இன் வடிவமைப்பில் ஆவணமாக இருந்த பழைய நிரை, 1997-க்குப் பின் கழிவாயிற்று.

இரண்டாவதாக, கழிவின் அளவைத் தீர்மானிப்பதில் மீட்பு முறையைவிட அட்டவணையின் வடிவமைப்பே முதன்மையானது. மாவட்டப் பிரிவினை பற்றிய கணக்கீடு இதனைக் காட்டுகிறது.

மூன்றாவதாக, கல்வெட்டு மறுபதிவும் கோப்பு முடிவுக்குறியும் யு.டி.ஆர். பட்டறிவும், பழையதை அகற்றுவதற்கு முன் அதன் சான்றுமதிப்பைப் பிரித்தறியும் மரபு தமிழகத்தில் இருந்ததைப் புலப்படுத்துகின்றன. நிலப்பதிவுகளைக் கணினியில் பேணுவோர் இம்மரபைத் தொழில்நுட்ப விதியாக மாற்றிக்கொள்ளுதல் தகும்: பட்டா மாற்றம், உட்பிரிவு, வகைப்பாட்டு மாற்றம் ஆகிய ஒவ்வொன்றின் முந்தைய நிலையும் நாளுடன் தனி அட்டவணையில் சேர்ந்த பின்னரே முதன்மை அட்டவணையில் இடமீட்பு நிகழவேண்டும்.

நான்காவதாக, கல்வராயன் மலை போன்று பதிவேட்டு வரலாறு குறுகிய பகுதிகளில் இக்கடமை மேலும் இன்றியமையாதது. சமவெளியில் ஒரு பழைய நிரை அழிந்தால், அதற்கும் முந்தைய ஏடு ஒன்று எங்கேனும் கிடைக்கலாம். 1976-க்குப் பின்னரே அரசின் நேரடிப் பதிவுக்குள் வந்த மலையில், முதற்பதிவே பழம்பதிவு. அதற்கு முந்தைய ஏடு தேடிப் போவதற்கு இடமில்லை.